கண்ணொளி தந்த பிலாத்தோவ்

பார்வை இழந்தவன் இழப்பது ஒளியை மட்டுமன்று. அவன் தன் தொழிலை இழக்கின்றான். தொழில் போதலால் இல்லத்தில் தனக்கிருந்த மதிப்பும் குறையக் காண்கின்றான். சந்தைக்கும் திருவிழாவிற்கும் பிறர் கைபற்றியே செல்ல வேண்டியவனாதலின், நாளடைவில் அங்கெல்லாம் செல்லாது வீட்டின் ஒரு மூலையே கதியென அமர்ந்துவிடுகின்றான். இக்காலத்தே தனிக் கல்வி முறைகளும் புதிய கருவிகளும் தோன்றிப் பார்வையற்றோர்க்கும் பல வாயில்களைத் திறந்துவிட்டன. நூறாண்டுகட்கு முன் அத்தகைய வாயில்கள் மிகச் சிலவே. ஆகலின் அந்நாளில் ஒருவனுக்குக் கண்ணொளியை மீட்டுத் தருதல் என்பது, அவனை மீண்டும் மக்கட் கூட்டத்துள் கொண்டு சேர்த்தலே ஆயிற்று. இதனையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, இடையே நேர்ந்த தோல்விகட்கு அஞ்சாது, பல ஆண்டுகள் பொறுத்திருந்து வெற்றி கண்டவர் ஒடெசா நகரத்துக் கண் மருத்துவர் விளாதிமிர் பெத்ரோவிச் பிலாத்தோவ் என்பார். அவர்தம் வரலாற்றை நம் கல்லூரி மாணவர்க்கு ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

வரலாற்றிற் புகுமுன் கண்ணின் அமைப்பில் ஒரு பகுதியை அறிந்துகொள்ளுதல் நலம். நம் கண்ணின் முன்புறத்தே, கடிகாரத்தின் முகத்தை மூடிய கண்ணாடி போல, தெளிந்த படலம் ஒன்று வளைந்து மூடியிருக்கின்றது. இதனைக் கார்னியா என்பர்; நாம் கருவிழிப் படலம் எனக் குறிப்போம். இதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. இதனிடத்தே இரத்தக் குழாய்கள் இல்லை. இதன் உட்புறத்து அடுக்கிலுள்ள நுண்ணிய உயிரணுக்கள் படலத்தில் நீர் தங்காதவாறு இடையறாது இறைத்து வெளியேற்றுகின்றன; அதனாலேயே இது தெளிவு குன்றாதிருக்கின்றது. புண்ணாலோ, சுண்ணாம்பு தெறித்தலாலோ, பெரியம்மையாலோ, டிரக்கோமா என்னும் கண்ணோயாலோ, உணவில் ஏ வைட்டமின் குறைதலாலோ இப்படலம் வெளுத்து மங்குமாயின், உள்ளேயுள்ள வில்லையும் விழித்திரையும் நரம்பும் பழுதற்றிருப்பினும் பயனில்லை. சாளரக் கண்ணாடியிற் சுண்ணாம்பு பூசப்பட்ட அறையினுள் இருப்பவன் நிலையே அவன் நிலை. மங்கிய பகுதியை வட்டமாக வெட்டியெடுத்து, அவ்விடத்தே மற்றொரு கண்ணினின்றும் எடுத்த தெளிந்த துண்டினைப் பொருத்துதலே கருவிழி மாற்றுச் சிகிச்சையாம்.

பிறப்பும் கல்வியும்

பிலாத்தோவ் 1875-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 27-ஆம் நாள், ருஷிய நாட்டுப் பென்சா மாகாணத்தைச் சார்ந்த மிகாய்லோவ்கா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர்தம் குடும்பம் மருத்துவர் குடும்பம். தந்தையார் பியோத்தர் பிலாத்தோவ் இரண சிகிச்சையிலும் கண் சிகிச்சையிலும் பயிற்சி மிக்கவர். தந்தையாரின் உடன்பிறந்தாருள் ஒருவராகிய நீல் பிலாத்தோவ், ருஷிய நாட்டுக் குழந்தை மருத்துவத்தை நிறுவினோருள் ஒருவராக மதிக்கப்படுகின்றார். இத்தகைய குடியிற் பிறந்தமையால், நோயாளரின் முகமும் மருந்தின் மணமும் அவருக்கு இளமையிலேயே பழகியவை ஆயின.

வால்கா நதிக்கரையிலுள்ள சிம்பிர்ஸ்க் நகரத்தில் பள்ளிக் கல்வியை முடித்த பிலாத்தோவ், 1892-இல் மாஸ்கோ சர்வகலாசாலையின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்து 1897-இல் பட்டம் பெற்றார். பின்னர் மாஸ்கோவிலுள்ள கண் சிகிச்சைச் சாலைகளிற் பணியாற்றி அனுபவம் பெற்றார். 1903-ஆம் ஆண்டு, பேராசிரியர் கொலோவின் என்பாருடன் கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரத்தை அடைந்தார். அந்நகரம் அப்பொழுது ருஷியப் பேரரசின் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. இப்பொழுது உக்ரேன் நாட்டைச் சார்ந்தது. அங்கே 1908-இல் ஆராய்ச்சியுரை அளித்து டாக்டர் பட்டம் எய்தினார். 1911-இல் பேராசிரியராகிக் கண் சிகிச்சைச் சாலையின் தலைமையையும் ஏற்றார். போர்க்காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, அதன்பின் அவர் அந்நகரத்தைவிட்டு அகன்றிலர்.

முன்னோர் முயற்சிகள்

மங்கிய படலத்தை மாற்றிவிடலாம் என்னும் எண்ணம் பிலாத்தோவிற்கே முதன்முதல் தோன்றியதன்று. ஜெர்மானிய மருத்துவர் ரைசிங்கர் 1824-ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் படலத்தை மனிதர் கண்ணிற் பொருத்தலாம் என எண்ணி, இம்முறைக்குக் கெரட்டோபிளாஸ்டி எனப் பெயரும் இட்டார். அயர்லாந்து மருத்துவர் பிக்கர் என்பார் எகிப்து நாட்டுப் பாலைநிலத்திற் சிறைப்பட்டிருந்தபொழுது, பார்வை இழந்த மான் ஒன்றிற்கு மற்றொரு மானின் படலத்தைப் பொருத்திய செய்தியை 1837-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க் நகரத்துக் கிஸ்ஸம் என்பார் பன்றியின் படலத்தை மனிதர் கண்ணில் வைத்துப் பார்த்தார். அது விரைவில் மங்கிப் போயிற்று. ஒருவகை உயிரின் படலம் மற்றொரு வகை உயிரின் கண்ணில் தெளிவாக நில்லாது என்னும் உண்மை இங்ஙனம் பல தோல்விகளால் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. பின்னர் ஜெர்மனியில் வான் ஹிப்பல் என்பார், படலத்தை வட்டமாக வெட்டுதற்குக் கடிகாரப் பொறியால் இயங்கும் கருவி ஒன்றனை அமைத்தார்.

மனிதர் படலத்தை மனிதர்க்கே வைத்து முதன்முதல் நிலைத்த வெற்றி கண்டவர் எட்வர்டு சிர்ம் என்பார். மொராவியா நாட்டு ஒலொமோத்ஸ் நகரத்தில், 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், சுண்ணாம்பு நீற்றும்பொழுது இரு கண்களும் வெந்து பார்வை இழந்த கூலித் தொழிலாளி ஒருவருக்கு அவர் இச்சிகிச்சை செய்தார். விபத்திற் கண் கெட்டு, அதனை அகற்ற வேண்டிய நிலையிலிருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் கண்ணினின்றும் படலம் எடுக்கப்பட்டது. ஒரு கண்ணில் வைத்த துண்டு நிலைக்கவில்லை. மற்றொரு கண்ணில் வைத்தது தெளிவாகவே நின்றது. அத்தொழிலாளி மீண்டும் தம் வேலைக்குச் சென்றார். மருத்துவ உலகம் வியந்தது. ஆயினும் அவ்வெற்றியை வேண்டியபோதெல்லாம் மீண்டும் பெறுதற்குரிய வழி அறியப்படவில்லை. ஒருவருக்குப் பார்வை வந்தது; அவர்போல் காத்திருந்த எண்ணிறந்தோர்க்கு யாது செய்வது? இவ்வினாவே பிலாத்தோவின் வாழ்க்கையை ஆண்டது.

தோல்வியும் பொறுமையும்

1912-ஆம் ஆண்டு பிலாத்தோவ் தம் முதற் கருவிழி மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். படலம் முழுவதையும் அகற்றி வேறு படலம் பொருத்த முயன்றார். வைத்த படலம் மங்கிவிட்டது. வேறொருவராயின் இது நம்மால் இயலாதது எனத் துறந்திருப்பர். பிலாத்தோவ் துறந்திலர், விரைந்து மீண்டும் முயன்று நோயாளரைத் துன்புறுத்தவும் இல்லை. தோல்விக்குக் காரணம் யாதென ஆராயத் தலைப்பட்டார்.

அதற்கிடையே 1914-இல் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. முகமும் இமையும் சிதைந்தோர்க்குப் புதுத் தோல் வைத்து உருவை மீட்டல் எங்ஙனம் என்பது அந்நாளைய மருத்துவர் முன் நின்ற பெரிய வினா. உடலின் ஓரிடத்துத் தோலை மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுங்கால் அதற்கு இரத்தம் கிட்டாது அழுகுதலே பெருந்தடை. பிலாத்தோவ் தோலை நீண்ட பட்டையாக இருமுனையும் உடலோடு ஒட்டியிருக்கவே அறுத்து, அதன் இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைத்துக் குழாய்போல் ஆக்கினார். அங்ஙனம் ஆக்கிய தோலுக்கு உள்ளே இரத்தம் ஓடும். வெளியே புண்ணும் உண்டாகாது. சில வாரங்கள் கழித்து ஒரு முனையை அறுத்து வேண்டிய இடத்திற் பொருத்தலாம். இம்முறையினை அவர் 1916-ஆம் ஆண்டு, இமையிற் புற்றுநோய் கொண்ட ஒருவரிடத்துச் செய்து, 1917-இல் வெளியிட்டார். அதே 1917-இல் இங்கிலாந்தில் கில்லீஸ் என்பாரும் இதனைத் தாமே கண்டு, போரில் முகம் வெந்த வீரர்க்குப் பயன்படுத்தினார். ஒருவர் செய்தியை மற்றவர் அறியாமலே ஒரே வழியை இருவரும் கண்டனர்.

இது கண்ணொளி பற்றியதன்றாயினும், அவர் பணியின் நோக்கத்தினின்றும் வேறுபட்டதன்று. முகம் சிதைந்தவன் பிறர் தன்னைக் காணுதற்கு நாணி ஒதுங்குகின்றான். கண்ணிழந்தவன் பிறரைக் காணமாட்டாமல் ஒதுங்குகின்றான். இருவரையும் மக்கள் நடுவே மீண்டும் நிறுத்துதலே பிலாத்தோவ் மேற்கொண்ட பணியாம்.

போரும் புரட்சியும் பஞ்சமும் கடந்தபின், 1920-களில் அவர் கருவிழி மாற்றுச் சிகிச்சையினை மீண்டும் தொடங்கினார். படலம் முழுவதையும் மாற்றுதலை விடுத்து, நடுவிலே சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வட்டத்தை மாத்திரம் மாற்றுதலே பெரும்பாலும் பயன் தரும் எனத் தேர்ந்தார். வெட்டுங்கால் உள்ளேயுள்ள வில்லைக்கு ஊறு நேராதவாறு காக்கும் கருவிகளை மார்சின்கோவ்ஸ்கி என்பாருடன் சேர்ந்து அமைத்தார். வைத்த துண்டினை நேரே தைத்தால் அது நலிவுறும் என்று எண்ணி, வெண்விழியை மூடிய மெல்லிய சவ்வினின்றும் ஒரு பட்டையை இழுத்து, பாலம்போல் அதன்மேல் மூடித் தைத்தார். சில நாளில் துண்டு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் பட்டையை அகற்றிவிடலாம்.

இறந்தோர் தந்த கொடை

கருவி சிறந்தது, கையும் தேர்ந்தது. ஆயினும் பொருத்துதற்குரிய படலம் எங்கே கிடைக்கும்? அந்நாளில் அது உயிருள்ளோர் கண்ணினின்றே பெரும்பாலும் பெறப்பட்டது. வேறு நோயாலோ விபத்தாலோ ஒருவரின் கண்ணை அகற்ற நேர வேண்டும். அக்கண்ணின் படலம் மட்டும் பழுதுறாதிருக்க வேண்டும். அதே நாளிற் படலம் வேண்டுவோரும் சிகிச்சைச் சாலையிற் காத்திருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கூடுதல் எத்துணை அரிது! ஒடெசாவிற் பத்துப் பேர் காத்திருப்பின், ஒருவருக்கேனும் முறை வருமென உறுதி கூற இயலாது.

இத்தடையைக் கடக்கும் வழி இறந்தோர் கண்ணில் உண்டென்று பிலாத்தோவ் துணிந்தார். இறந்த உடலின் பகுதி உயிருள்ள உடலில் வாழுமோ என்னும் ஐயம் பலர்க்கும் இருந்தது. ஆனால் உயிர் நீங்கியவுடன் உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் மாய்வதில்லை. இரத்தக் குழாய் இல்லாத கருவிழிப் படலம் குளிர்ந்த இடத்தில் இருப்பின் பின்னும் சில காலம் தன் தன்மை குன்றாது நிற்கும். 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலாத்தோவ் இறந்தவர் ஒருவரின் படலத்தை எடுத்துப் பொருத்தினார். இறந்தோர் கண்களை நீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே குளிர வைத்துக் காத்துப் பயன்படுத்தும் முறையினை வகுத்தார். இம்முயற்சியைப் பிறர் சிலரும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்து பார்த்ததுண்டு. எனினும் அதனை எவரும் கற்றுச் செய்யத்தக்க நிலையான முறையாக்கி, நூற்றுக்கணக்கானோர்க்குச் செய்து காட்டி, பிற நாட்டாரும் மேற்கொள்ளுமாறு பரப்பிய பெருமை பிலாத்தோவிற்கே உரியது. கண் வங்கிகள் என இன்று உலகெங்கும் விளங்கும் நிலையங்கட்கு அடிப்படை அங்கே இடப்பட்டது எனல் மிகையாகாது.

சிகிச்சைக்குப் பின்

கருவிழி மாற்றுச் சிகிச்சை மேசையில் முடிவதன்று. மருத்துவர் கையால் நடைபெறுவது ஒரு மணி நேரத்து வேலையே. நோயாளர் பொறுமையால் நடைபெறுவது பல மாதத்து வேலை. பிலாத்தோவ் காலத்தில், சிகிச்சை முடிந்தவுடன் இரு கண்களையும் கட்டிவிடுவர். நோயாளர் பல நாட்கள் மல்லாந்தே அசையாது கிடத்தல் வேண்டும். பிறர் ஊட்டவே உண்ணல் வேண்டும். இருமலும் தும்மலும் உரத்த சிரிப்பும் ஆகா. கண்ணினுள் அழுத்தம் மிகுந்து, வைத்த துண்டு நழுவுமென்னும் அச்சமே அதற்குக் காரணம். பல்லாண்டு இருளில் வாழ்ந்தவர், ஒளியை நாடி வந்த இடத்திலே மேலும் ஓர் இருளை விரும்பி ஏற்க வேண்டியவராயினர்.

கட்டவிழ்க்கும் நாளும் கதைகளிற் கூறப்படுவதுபோல் இருப்பதில்லை. அன்றே உலகம் முழுவதும் தெளிவாகத் தோன்றிவிடுமென நினைத்தல் தவறு. முதலிற் கூசும் ஒளியும் அசையும் நிழலுமே புலப்படும். வைத்த துண்டு நீர் கோத்துப் பருத்திருக்கும். வாரங்கள் செல்லச் செல்லவே தெளியும். இரத்தக் குழாய் இல்லாமையால் படலம் எத்துணை எளிதில் பிறர் கண்ணில் இடம் பெறுகின்றதோ, அத்துணை மெதுவாகவே அதன் புண் ஆறுகின்றது. சிலர்க்கு முதலில் தெளிந்த துண்டு பின்னர் மங்குதலும் உண்டு. அங்ஙனம் மங்குதலின் காரணம் பிலாத்தோவ் சிகிச்சை தொடங்கிய காலத்தில் விளங்கவில்லை. உடல் பிறர் தசையை அயலாரெனக் கண்டு எதிர்க்கின்றது என்னும் உண்மையைப் பீட்டர் மெடவார் முதலியோர் 1940-களில் ஆராய்ந்து நிறுவினர். 1950-களிலிருந்து ஸ்டீராய்டு மருந்துகள் அவ்வெதிர்ப்பைத் தணிக்கப் பயன்பட்டன. அதன்பின் நுண்பெருக்கியின் கீழ் மயிரினும் மெல்லிய நைலான் இழையால் தைக்கும் முறை வந்தமையால், நெடுநாள் அசையாது கிடக்கும் துன்பமும் நீங்கிற்று. இந்நூற்றாண்டிலோ, படலத்திற் பழுதான அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளும் வழக்கிற்கு வந்துள்ளன.

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னும் பொறுமையின் தேவை குறைந்திலது. முழுக் கனமும் மாற்றப்பட்ட கண்ணில் தையல் ஓராண்டோ அதற்கு மேலோ இருத்தல் உண்டு. சொட்டு மருந்தினை மாதக்கணக்கில் தவறாது இடல் வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது, உறங்குங்கால் மூடி அணிதல் வேண்டும், பளுத் தூக்கலாகாது, தூசியும் அடுப்புப் புகையும் படாது காத்தல் வேண்டும். படலத்தின் வளைவு ஒழுங்காக அமையாமையின் கண்ணாடியோ கண்ணினுள் அணியும் வில்லையோ தேவைப்படுவதும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் கண் சிவத்தல், ஒளி கூசுதல், பார்வை குன்றுதல், வலி என்னும் நான்கனுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். காலத்தே சென்றால் எதிர்ப்பைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம்; நாளை பார்ப்போம் என்று தாழ்த்தலே பலர்க்குக் கேடாய் முடிகின்றது.

கண் ஆறுதலோடு பணி முடிவதும் இல்லை. மக்கள் நடுவே மீண்டும் வாழப் பழகுதல் பின்னும் ஒரு பயிற்சி. நெடுநாள் குரலாலேயே உறவினரை அறிந்தவர், முகத்தால் அவர்களை மீண்டும் அறியக் கற்க வேண்டும். ஒரு கண்ணே தெளிந்தவர்க்குப் படியின் ஆழமும் பாத்திரத்தின் தொலைவும் உடனே புலப்படுவதில்லை. கை தடுமாறும், கால் இடறும். வளர்ந்தபின் பார்வை இழந்தவர் இவற்றை விரைவில் மீட்டுக்கொள்கின்றனர். பிறவியிலோ குழவிப் பருவத்திலோ இழந்தவர்க்குக் கண் தெளிந்தும், கண்டதை உணரும் ஆற்றல் மூளையில் முற்றும் வளராதிருத்தலின், பார்வை குறைவாகவே நின்றுவிடுதல் உண்டு. ஆதலாலேயே குழந்தைகட்குக் காலந்தாழ்த்தாது சிகிச்சை செய்தல் இன்றியமையாதது. பலர் கூடிய இடத்திற் பேச நாணுவோரும், யாரேனும் தற்செயலாகக் கண்ணில் இடித்துவிடுவரோ என அஞ்சிக் கூட்டத்தை ஒதுக்குவோரும் உளர். இவர்களை வீட்டாரும் நண்பரும் எள்ளாமலும் விரைவுபடுத்தாமலும் உடனழைத்துச் செல்வரேல், அச்சம் தானே கழியும்.

நிலையமும் போரும்

பிலாத்தோவின் புகழ் பரவவே, பல இடங்களிலிருந்தும் நோயாளர் ஒடெசாவை நாடி வந்தனர். 1936-ஆம் ஆண்டு அந்நகரத்திற் கண் நோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. பிலாத்தோவ் அதன் தலைவரானார். இளம் மருத்துவர் பலர் அங்கே பயின்று தத்தம் ஊர்களிற் சென்று பணிபுரிந்தனர். ஒருவர் கையில் மாத்திரம் இருந்த திறம் இங்ஙனம் பலர் கைக்குச் சென்றது.

1941-இல் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டின்மீது பாய்ந்தது. ஒடெசா முற்றுகையிடப்பட்டது. அறுபத்தாறு வயது நிரம்பிய பிலாத்தோவ் தம் நகரத்தை நீங்கி, முதலிற் பியாதிகோர்ஸ்க் நகரத்திலும், பின்னர் நடு ஆசியாவிலுள்ள தாஷ்கந்து நகரத்திலும் தங்க நேர்ந்தது. இடம் பெயர்ந்தும் பணி பெயரவில்லை. போரிற் கண் புண்பட்ட வீரர்க்கு அங்கே சிகிச்சை செய்தார். 1944-இல் ஒடெசா மீட்கப்பட்டபின் திரும்பி வந்து, சிதைந்த நிலையத்தை மீண்டும் நடத்தலானார். வேறு எவரும் ஓய்வு நாடும் முதுமையில் அவர் புதிதாகத் தொடங்கினார்.

குறையும் நிறையும்

பெரியார் ஒருவரின் வரலாற்றைக் கூறுங்கால் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் கல்வியாளர்க்கு அழகன்று. மங்கத் தொடங்கிய துண்டின் அருகே குளிரிற் காத்த மற்றொரு துண்டை வைத்தால் அது தெளிவுறுகின்றது எனப் பிலாத்தோவ் கண்டார். அதனின்றும், குளிரிலும் இருளிலும் காக்கப்பட்ட தசைகளில் நோய் தீர்க்கும் ஒருவகைப் பொருள் உண்டாகின்றது என்னும் கொள்கையை 1933 முதலாக வளர்த்தார். கண்ணோய்க்கு மட்டுமன்றிப் பிற நோய்கள் பலவற்றிற்கும் அதனைப் பயன்படுத்தினார். சோவியத் நாட்டில் அது பரவியதாயினும், உலக மருத்துவத்தில் நிலைபெறவில்லை. தக்க சோதனைகளால் அது நிறுவப்படவும் இல்லை. கண்கூடான ஒன்றினின்றும் மிக அகன்ற முடிவிற்குச் செல்லுதல் அறிஞர்க்கும் நேரும் என்பதற்கு இது சான்று. ஆயினும் இதனால் அவர் கருவிழிப் பணியின் பெருமை குன்றாது.

சிகிச்சைச் சாலைக்கு வெளியே பிலாத்தோவ் கலையில் ஈடுபாடு மிக்கவர். தூரிகை கொண்டு இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவார், கவிதையும் இயற்றுவார். நிறமும் ஒளியும் தமக்கு எத்துணை இன்பம் தந்தன என்பதை அறிந்தவராதலின், அவற்றை இழந்தோர் துயரையும் அவர் நன்கு உணர்ந்திருப்பார் என நாம் கொள்ளலாம். அரசின் பரிசு 1941-இலும், சோஷலிச உழைப்பு வீரர் என்னும் உயர்ந்த பட்டம் 1950-இலும் அவரை வந்தடைந்தன. 1956-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், எண்பத்தொன்றாம் வயதில், ஒடெசா நகரத்திலேயே அவர் உயிர் நீத்தார். அவர் நடத்திய நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நம் நாட்டில்

பிலாத்தோவ் வகுத்த நெறி பல நாடுகளிற் பரவியது. 1944-இல் நியூயார்க் நகரத்திற் கண் வங்கி ஒன்று தோன்றிற்று. நம் சென்னை மாநகரும் பின்தங்கவில்லை. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில், 1945-ஆம் ஆண்டு டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையா அவர்கள் கண் வங்கியை நிறுவினார். இந்தியாவின் முதற் கண் வங்கி அதுவே எனக் கருதப்பெறுகின்றது. 1948-இல் அவரே கருவிழி மாற்றுச் சிகிச்சையும் செய்தார். நம் நாட்டில் வயலில் நெல்லின் தாள் குத்தியும் உமி பட்டும் கண்ணிற் புண்ணுற்றோர், அதனைக் காலத்தே கவனியாமையாற் படலம் மங்கி வருந்துதல் உண்டு. அவருட் பலர் உழைத்து வாழும் ஏழை மக்கள். இவர்கட்கு வேண்டும் படலத்தைக் கடையில் வாங்க இயலாது. ஆலையிற் செய்து குவிக்கவும் இயலாது. ஒருவர் இறந்தபின் அவர் சுற்றத்தார் மனமுவந்து அளித்தாலன்றி அது கிட்டுவதில்லை.

ஒடெசாவில் 1931-ஆம் ஆண்டு நீங்கிய தடை, மருத்துவத்தைச் சார்ந்த தடை. இன்று எஞ்சி நிற்பதோ நம் மனத்தைச் சார்ந்த தடை. இறந்தவர் முகம் விகாரமாகும் என அஞ்சுவோர் உளர். பயிற்சியுடையோர் எடுத்தபின் முகத்தில் வேறுபாடு தோன்றுவதில்லை. முதியவர் கண் பயன்படாது என்பாரும், கண்ணாடி அணிந்தவர் கண் ஆகாது என்பாரும் உளர், இரண்டும் தவறு. புரை நீக்கப்பட்ட கண்ணையும் அளிக்கலாம். செய்ய வேண்டுவன சிலவே. உயிர் நீங்கியவுடன் இமைகளை மூடி, ஈரப் பஞ்சினை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, கண் வங்கிக்குத் தாழாது தெரிவித்தல் வேண்டும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்படல் வேண்டும். துயரம் மிக்க அவ்வேளையில் புதிதாக எண்ணித் துணிதல் எவர்க்கும் அரிது. ஆகலின் முன்னரே வீட்டிற் பேசி உடன்பாடு கொண்டிருத்தல் தக்கது. அப்பேச்சினைத் தொடங்குதற்கு ஏற்றவர் படித்த பிள்ளைகளே.

மாணவ நண்பர்களே! பிலாத்தோவின் வாழ்க்கையினின்றும் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. 1912-இல் நேர்ந்த தோல்விக்கும் 1931-இல் கண்ட வழிக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளை அவர் வருந்திக் கழிக்காது, கருவியைத் திருத்தியும் கையைப் பழக்கியும் காரணத்தை ஆராய்ந்தும் கழித்தார். தேர்வில் ஒருமுறை தவறியதும் உலகமே இருண்டதென எண்ணும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. மற்றொன்று, மருத்துவர் ஒருவராற் பார்வை முற்றும் மீள்வதில்லை என்பதாம். இறந்தவர் சுற்றத்தாரின் கொடையும், நோயாளரின் பொறுமையும், அவரை மீண்டும் வரவேற்கும் ஊராரின் அன்பும் ஒருங்கு கூடல் வேண்டும். இவற்றுட் கொடையும் அன்பும் நம் கையில் உள்ளன. நம் வகுப்பில் இத்தகைய சிகிச்சை பெற்றுத் திரும்பிய தோழர் ஒருவர் இருப்பின், வெயிலின் கூச்சம் படாத இருக்கையை அவருக்கு அளிப்போம். அவர் எழுதத் தவறிய பாடத்தைப் படித்துக் காட்டுவோம். நெரிசலில் அவர் தோளருகே நடந்து செல்வோம்.